ஆழியாற்றுக்குத் துடுப்பு போதும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் வண்டிகள் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தானாகவே ஓரங்கட்டும். லோம்ஸ் காட்சிமுனை அங்கேதான். கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு படகு விட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் ஆசை வரும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் தெருத்தெருவாக மக்களை ஏற்றி வந்த ரப்பர் படகின் சிறிய வகைகள் இன்று இணையத்தில் பட்டனைத் தட்டினால் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மடித்தால் கார் டிக்கியில் அடங்கும். கால் பம்பை மிதித்துக் காற்றடைத்தால் படகு தயார்.

படகு யாருடையதானாலும் சரி, அது எதனால் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

ஆழியாறு வெறும் சுற்றுலா ஏரி அல்ல. அணையிலிருந்து இறங்கும் ஆற்றில்தான், அம்பராம்பாளையத்தில், பொள்ளாச்சி நகருக்கான குடிநீர் எடுக்கப்படுகிறது. பழைய, புதிய ஆயக்கட்டு வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் பாய்வது இதே தண்ணீர். இரு மாநில ஒப்பந்தப்படி கேரளத்தின் சித்தூர் பகுதிக்குப் போவதும் இதுதான். ஒரு ஊர் குடிக்கிற தண்ணீரில் விடுமுறைக் கொண்டாட்டத்துக்காகப் பெட்ரோல் எஞ்சினை இறக்குவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. பழைய கார்புரேட்டர் வகை டூ-ஸ்ட்ரோக் படகு எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே வெளியேறித் தண்ணீரில் கலக்கிறது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இவ்வகை எஞ்சின்களுக்கு 1999-லேயே தடை வந்துவிட்டது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. போபாலுக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரியில் சொகுசுக் கப்பலும் மோட்டார் படகுகளும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. போபாலுக்குப் பொருந்தும் நியாயம் பொள்ளாச்சிக்கும் பொருந்தும்.

அப்படியானால் படகே வேண்டாமா? அப்படிச் சொல்வது சோம்பேறித்தனமான தீர்வு. 2015 டிசம்பரில் ரிஷிகேசம் வழக்கில் இதே தீர்ப்பாயம் செய்ததைப் பார்க்க வேண்டும். கங்கைக் கரையின் மணல் திட்டுகளில் முளைத்திருந்த கூடார முகாம்களைத் தடுத்து நிறுத்திய தீர்ப்பாயம், ரப்பர் படகில் துடுப்புப் போடும் ராஃப்டிங்குக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. படகால் பெரிய மாசு இல்லை, கரையில் நடப்பதுதான் தொல்லை என்பது அதன் பார்வை. நம்மூர் அணைக்கரைகளில் ஞாயிறு மாலை ஒரு நடை நடந்தால் இது புரியும். உடைந்த மது பாட்டில், பிரியாணிப் பொட்டலம், தின்பண்டக் கவர். இவை எதுவும் படகிலிருந்து விழுந்தவை அல்ல.

நல்ல வழிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரமடை தாண்டிப் பில்லூர் அணை நீர்ப்பரப்பில் உள்ள பரளிக்காட்டில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து பரிசல் சவாரி நடத்துகிறார்கள். வார இறுதியில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் ஏற முடியாது. மதியச் சாப்பாடு உள்ளூர்ப் பெண்கள் சமைப்பது. எஞ்சின் சத்தமே கிடையாது. பரம்பிக்குளத்தில் மூங்கில் தெப்பம் விடுகிறார்கள். கேரளத்து வனமானாலும் அங்கே போக நம் சேத்துமடை, டாப்சிலிப் வழிதான். அதே ஆனைமலைத் தொடரில் அங்கே முடிகிறது என்றால் ஆழியாற்றில் ஏன் முடியாது?

சொந்த ரப்பர் படகு வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. அணையிலும் காட்டோர ஓடையிலும் அனுமதியில்லாமல் படகை இறக்கக்கூடாது. ஆழியாற்றின் அக்கரை புலிகள் காப்பகம். கோடையில் யானைகள் குட்டிகளோடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடம். அனுமதியுள்ள குளத்தில் ஓட்டினாலும் கரையேறியதும் வேலை முடிந்துவிடாது. காற்றை இறக்கும் முன் படகைக் கவிழ்த்துப் பார்த்தால், அடித்தளமும் பக்கக் குழாயும் ஒட்டும் இடுக்கில் ஒரு கை தண்ணீராவது தேங்கியிருக்கும். அதில் பாசித் துணுக்கு, நத்தைக் குஞ்சு, ஆகாயத்தாமரையின் வேர்நுனி கிடக்கலாம். அப்படியே மடித்து டிக்கியில் போட்டு அடுத்த வாரம் வேறு குளத்தில் விரித்தால், இந்தக் குளத்தின் நோயை அந்தக் குளத்தில் நட்ட மாதிரி. ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகப் பெருகும். ஜே.சி.பி. வைத்து அள்ளினாலும் மீண்டும் மூடிக்கொள்ளும் குளங்களைக் கோவை மாவட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, பிறகு மடிக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டுப் போட்டுப் பயன்படுத்தலாம். பி.வி.சி. படகைக் குப்பையோடு கொளுத்தவே கூடாது. எரிந்தால் வருவது நச்சுப் புகை.

உயிர்ப் பாதுகாப்பிலும் சமரசம் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ரப்பர் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

அடுத்த கோடை விடுமுறைக்குள் நீர்வளத்துறை, மீன்வளத்துறை, வனத்துறை மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து ஆழியாற்றுக்கு ஒரு விதியை எழுதட்டும். சவாரிக்குத் துடுப்புப் படகும் பரிசலும் மட்டும். மீட்புப் படகுக்கு மின்மோட்டார். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. காட்டோரக் கரையிலிருந்து மிதவை கட்டிப் பிரித்த எல்லை. துடுப்புப் போடும் வேலையைச் சின்னார்பதி, நவமலை பழங்குடிக் குடியிருப்புகளின் இளைஞர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும்.