ஜவ்வாதுமலையில் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துவது ஏன் இவ்வளவு கஷ்டம்? பயிற்சி எங்கே கிடைக்கும்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாதுமலை மேல் இருக்கும் ஊர் ஜமுனாமரத்தூர். மலையாளி பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. சாமை, தேன், புளி என்றால் இந்த மலைதான் பலருக்கு ஞாபகம் வரும். இங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்குத் தையல், முதியவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்று ஏதாவது செய்ய ஒரு சின்ன அறக்கட்டளையோ, சபையோ, கோயில் குழுவோ முன்வந்தால், பணத்துக்கு முன்னாடியே பேப்பர் வேலையில் முட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி என்ன பேப்பர்?

டிரஸ்ட்டைப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஆரம்பமே. வருமான வரித்துறையில் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி, தர்பன் தளத்தில் ஒரு எண். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். இது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். வெளி அமைப்பு என்றால் அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவமும் காட்டணும்.

80ஜி வாங்கிய அமைப்பு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 30 நாள் மறந்தால் 6,000 ரூபாய், அதாவது ஒரு மாலை வகுப்பு ஆசிரியரின் மாதச் சம்பளமாக இருக்கக்கூடிய தொகை. இதற்கு மேல் 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை தனி அபராதமும் விதிக்கலாம்.

12ஏபி-யைப் புதுப்பிக்க மறப்பது இதைவிட ஆபத்து. 2023-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிய நேரத்தில் விண்ணப்பிக்காத டிரஸ்ட்டின் சொத்து மதிப்புக்கே வரி போட முடியும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் 2024-ல் தரப்பட்டது. சின்ன அமைப்புகளுக்குப் பதிவு 10 ஆண்டு செல்லும் என்று 2025-ல் ஒரு தளர்வும் வந்தது. இதெல்லாம் மலையில் இருப்பவருக்கு யார் சொல்வது? போதாக்குறைக்கு, புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன.

உண்டியல் வைத்தால் என்ன ஆகும்?

மத அமைப்புகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முழுக்க வழிபாட்டுக்கான டிரஸ்ட் என்றால், பெயர் தெரியாதவர்கள் உண்டியலில் போடும் பணத்துக்குத் தனி வரி கிடையாது. அதே ஆட்கள் சேவைக்கென்று வேறொரு டிரஸ்ட் தொடங்கி, பழக்கதோஷத்தில் அங்கேயும் உண்டியல் வைத்தால் கதை மாறுகிறது. 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டும் பெயரில்லாத பணத்துக்கு 30 சதவீத வரி. 80ஜி வாங்கிய டிரஸ்ட் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவு செய்யவும் கூடாது. சபைக்கும் சேவைக்கும் ஒரே நோட்டில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய அடி. ஒரு நாள் வகுப்பில் சொல்லித்தரக்கூடிய விஷயம்தான்.

அந்த வகுப்பு ஏன் நடக்கலை?

அரசுக்கு இதன் அருமை தெரியாமல் இல்லை. 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அமைப்புக்கும் நிர்வாகச் செலவாக 3 ஆண்டில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி. கைபிடித்துச் சொல்லித்தர ஒரு நிறுவனம் 5 ஆண்டு கூடவே இருக்கும். சாமை விற்கும் கம்பெனிக்குக் கணக்கு கற்க 5 ஆண்டு தேவை என்று ஒப்புக்கொள்ளும் அரசு, மாலை வகுப்பு நடத்தும் டிரஸ்ட்டுக்கு அப்படி ஒரு ஏற்பாடு செய்யவில்லை.

முன்பெல்லாம் வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்பு, அதில் ஒரு பங்கைச் சின்ன அமைப்புக்குக் கொடுத்துக்கொண்டே பயிற்சியும் தரும். 2020 செப்டம்பரில் வந்த எஃப்சிஆர்ஏ திருத்தம் இந்தக் கைமாற்றைத் தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் தவறாகப் போகக் கூடாது என்பது அரசின் வாதம். அதோடு பயிற்சி வந்த வழியும் அடைபட்டதுதான் சிக்கல். நேரடியாகப் பதிவு வாங்கலாமே என்றால், 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிராகச் செய்தது. 2002-ல் 'கம்பாஷன் கேபிடல் ஃபண்ட்' என்று அரசே நிதி ஒதுக்கியது. அனுபவமுள்ள இடைநிலை அமைப்புகள் மூலம் சின்ன தேவாலயங்களுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் பயிற்சி தருவதுதான் அதன் வேலை.

சரி, இப்போ யார்கிட்ட போகலாம்?

வேலூர் சி.எம்.சி. இந்த மலையில் பல ஆண்டுகளாக மருத்துவப் பணி செய்கிறது. அந்த அளவு நிறுவனங்களுக்குக் கணக்குப் பிரிவு தனியாக உண்டு. சின்ன அமைப்புகள் முதலில் தட்ட வேண்டிய கதவு நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளர் அலுவலகம். சுய உதவிக் குழு, பழங்குடி மேம்பாட்டு நிதி ஆகிய வேலைகளைத் தொண்டு நிறுவனங்கள் மூலம்தான் நபார்டு நடத்தி வருகிறது. கத்தோலிக்க அமைப்பு என்றால் மறைமாவட்ட சமூக சேவைச் சங்கம் இருக்கிறது; அதற்கு மேல் திருச்சியில் டாசோஸ். வளர்ச்சி நிர்வாகம் படிக்க மதுரையில் டாடா-தான் அகாடமி. எஃப்சிஆர்ஏ, கணக்கு பற்றி டெல்லியின் வாணி, நொய்டாவின் எஃப்எம்எஸ்எஃப் பயிற்சி தருகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுதான் குறை.

ஆர்செட்டி மையத்துக்குப் போய் அலைய வேண்டாம். அங்கே கிடைப்பது தனிநபருக்கான தொழில் பயிற்சி. டிரஸ்ட் நிர்வாகம் சொல்லித்தர மாட்டார்கள். போகும் இடத்துக்கு டிரஸ்ட் பத்திரம், பான், கடைசி 3 ஆண்டு வரவு செலவு நோட்டு, 12ஏபி உத்தரவு நகல் இருந்தால் எடுத்துப் போங்கள். அந்த உத்தரவில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கிளம்பும் முன் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.