வணிகச் சலுகையும் மனித மாண்பும்

வணிகம் பெருகினால் உரிமையும் தானே பின்தொடரும் என்று வல்லரசின் ஆட்சியாளர்கள் உலகுக்கு வாக்களித்தனர். முப்பது ஆண்டுகள் கடந்தன. சீனாவிலிருந்து சரக்குக் கப்பல்கள் வந்தன. வாக்களித்த உரிமையோ அந்நாட்டு மக்களை வந்தடையவில்லை.

குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமையை மறுக்கும் பொதுவுடைமை நாடுகளுக்கு இயல்பான வணிகச் சலுகை இல்லை என்றது, அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் ஜாக்சன்–வானிக் திருத்தம். விதிவிலக்கு தர வேண்டுமெனில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1989 சூன் 4-இல் தியனன்மென் சதுக்கத்தருகே இரத்தம் சிந்தப்பட்டபின், அந்தப் புதுப்பித்தல் மனச்சான்றின் ஆய்வாகவே மாறியது. 1993-இல் அதிபர் கிளிண்டன், சிறைக்கைதிகளின் உழைப்பு, அரசியல் கைதிகள், திபெத் ஆகியவை குறித்து நிபந்தனைகள் விதித்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1994 மே 26-இல், தாம் கட்டிய முடிச்சைத் தாமே அவிழ்த்தார். சலுகையை நிரந்தரமாக்கும் சட்டம் 2000-இல் நிறைவேறியது.

சலுகையை மறுத்தால் ஏழைத் தொழிலாளியின் வயிற்றிலன்றோ அடி விழும் என்பர். எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று இது. வணிகத்தால் சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையினின்று மீண்டதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நடந்தது தடையன்று, கேள்வி. சலுகை ஒருமுறையேனும் நிறுத்தப்படவில்லை. ஆயினும் புதுப்பிக்கும் நாள் நெருங்குகையில் கைதிகள் சிலர் விடுதலையானதுண்டு. கேள்வியைக் கைவிட்டதால் எந்த ஏழையின் பசி தீர்ந்தது? கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை வாங்குவது அடிமைப்பட்டவனுக்கு உணவாகாது. அவன் விலங்கையே இறுக்கும்.

சங்காய் ஆயர் இக்னேசியஸ் குங், 1955-இல் கைதாகி முப்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். அவரது விசுவாசத்திற்கு எந்தச் சந்தையில் விலை குறிப்பது? மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று 1981-இல் தம் திருமடலில் கற்பித்தார் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். உழைப்பு முதன்மையெனில், உழைப்பவனின் உரிமை வணிக ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பாக இருத்தல் தகுமோ?

சின்ஜியாங் பகுதிப் பொருள்கள் கட்டாய உழைப்பால் ஆனவையல்ல என மெய்ப்பித்தாலன்றி அவற்றை இறக்குமதி செய்யலாகாது என்று 2021-இல் அமெரிக்கா சட்டமியற்றியது. காலந்தாழ்ந்த நீதியெனினும் வரவேற்கிறோம். ஆனால் போட்டி நாட்டின்மீது மட்டும் பாய்ந்து, நட்பு நாட்டின் சிறைகளைக் காணாத சட்டம் நீதியன்று. அது வணிகத்தின் மற்றோர் ஆயுதமே.

ஒரு சோடி காலணிக்காக ஏழையை விற்றோரை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துரைத்தார். விற்பவன் ஒருவன் இருந்தால் வாங்குபவனும் ஒருவன் இருப்பான். மலிவு விலை கண்டு மகிழும் நாம், அம்மலிவின் விலையைச் செலுத்தியவர் யாரெனக் கேட்கத் துணிவோமாக.