ஒரு நோய்க்கு எத்தனை பெயர்?

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்குதலும், ஒரு சொல் பல பொருள் தருதலும் மொழிக்கு வளமாகும். வைத்தியத்திலோ அவை உயிருக்கே ஊறு செய்யக்கூடும். நிணநீர்ப் புற்றுநோயின் வரலாறு இதற்குச் சான்று.

நிணநீர்க் கணுக்கள் வீங்கி மாண்ட சிலரைப்பற்றி 1832ஆம் ஆண்டில் இலண்டனில் தோமஸ் ஹொட்ஜ்கின் என்னும் வைத்தியர் எழுதினார். அவர் பெயரால் ஒரு வகை வழங்கலாயிற்று. எஞ்சியவற்றை வகுக்கப் புகுந்தபோதே பிணக்கு எழுந்தது. அமெரிக்க அறிஞர் ரப்பப்போட் 1966இல் நுணுக்குக்காட்டியிற் கண்ட உருவைக்கொண்டு அவற்றைப் பிரித்தார். பெரிய கலங்களைக் கழிவு விழுங்கும் இழையக் கலங்களென எண்ணிப் பெயரிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை நிணநீர்க்குழியங்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1974இல் ஜேர்மனியில் லென்னேட் குழுவினர் ஒரு முறையையும், அமெரிக்காவில் லூக்ஸ், கொலின்ஸ் என்போர் மற்றொரு முறையையும் வகுத்தனர். இவ்வாறு ஆறு முறைகள் வழக்கில் நின்றன.

இதனால் விளைந்த கேடு யாது? ஒரு நாட்டார் ஒரு மருந்தினாற் பலர் குணமடைந்தனர் என்றால், அவர் குறித்தது நம் நோயாளியின் நோயைத்தானா என்று வைத்தியர் ஐயுற நேர்ந்தது. முறைகளை ஒப்புநோக்க 1982இல் ஒரு பொது வாய்பாடு அமைத்தனர். அது நோயின் கடுமையை மூன்று படிகளாக வகுத்ததேயன்றி, பீ கலம், ரீ கலம் என்னும் பிறப்பு வேறுபாட்டைக் கருதவில்லை. 1997இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற றிற்றக்சிமாப் என்னும் மருந்தோ பீ கலத்தையே பற்றுவது. ரீ கல நோய்க்கு அதனைக் கொடுத்தல், வேறொரு பூட்டின் திறவுகோலை நுழைப்பதை ஒக்கும். கலத்தின் பிறப்பையும் கருதும் முறை 1994இல் உருவாயிற்று. 2001இல் உலக சுகாதாரத் தாபனம் அவ்வழியே ஒரு பொதுமுறையை வெளியிட்டது.

ஆயினும் 2022இல் மீண்டும் இரு முறைகள் தோன்றின. நுண்குமிழ் வகை நோய்க்குப் படி குறித்தல் கட்டாயமன்று என்கிறது தாபனத்தின் முறை. வேண்டும் என்கிறது மற்றது. இரண்டும் பெரும்பாலும் ஒத்தவையே. எனினும் ஒத்துவராத இடத்தில் நிற்பவனும் ஒரு நோயாளியன்றோ?

அறிஞர் கருத்து வேறுபடுதல் அறிவு வளர்வதன் அறிகுறியே. ஆனால், எம்முறைப்படி நோய்க்குப் பெயரிட்டோம் என்பதை அறிக்கையிற் குறித்தல் கடன். இரு பெயர்களையும் அருகருகே எழுதுதல் இன்னும் நன்று. வீட்டாரும் அவ்வறிக்கையைப் பேணிவைத்து, வைத்தியர் மாறுந்தோறும் உடன்கொண்டு செல்வாராக. வாய்மொழியாகச் சொல்லும் நோய்ப்பெயர் மட்டும் போதாது.