விடிய விடிய ஆடும் உடம்பு!

ஓவியர் துணியில் வரைகிறார். சிற்பி கல்லில் செதுக்குகிறார். தம் உடம்பையே துணியாகவும் கல்லாகவும் வைத்துக்கொண்ட கலைஞர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

பிரான்சு நாட்டில் ஓர்லான் என்று ஒரு பெண். 1990 முதல் 1993 வரை பல தடவை ஆபரேஷன் செய்துகொண்டார். நோய் ஒன்றும் இல்லை. முகத்தை மாற்றி, அதையே கலையாகக் காட்டுவதற்காக! 1993-ல் நியூயார்க்கில் நடந்த ஆபரேஷனை வேறு நாடுகளில் இருந்தவர்களும் நேரடியாகப் பார்த்தார்கள்.

யூகோஸ்லாவியாவில் பிறந்த மரீனா அப்ரமோவிச், 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார். மேஜையில் 72 பொருள்கள். எதை எடுத்தும் தம்மை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஆடையைக் கத்தரித்தார்கள். துப்பாக்கியைக் கூட அவர் கழுத்துக்கு நேரே காட்டினார்கள்!

"இதெல்லாம் ஒரு கலையா?" என்று நம் பாட்டிமார் முகவாயில் கை வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால், நம் ஊரில் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம்.

வேஷம் கட்டுகிறார்

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது சேதராப்பட்டு. பகலில் தொழிற்பேட்டையின் ஆலைச் சத்தம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால், இரவில் கூத்து மேளம்!

வேஷம் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முகம் முழுக்க வண்ணம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் மரத்தில் செய்தவை. காலில் சலங்கை. ஓர் ஆண்பிள்ளை மீசையை எடுத்துவிட்டுப் பாஞ்சாலியாகவே மாறிவிடுகிறார். இரவு தொடங்கினால் விடியும் வரை ஆட்டம், பாட்டு, வசனம் மூன்றும் அவரே. அர்ச்சுனன் தபசு அன்று, உயரமாக நட்ட தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார்.

'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது ஒரு மஞ்சள் கல். கந்தகமும் ஆர்சனிக் என்னும் விஷப் பொருளும் சேர்ந்தது அது. அந்தக் கல்லின் பெயரே ஒப்பனைக்குப் பெயராகிவிட்டது. இன்று கடையில் விற்கும் பவுடர் வந்துவிட்டது. ஆனாலும் வண்ணமும் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து ராத்திரி முழுக்கத் தோலில் ஊறினால், தோல் என்ன பாடுபடும்?

யாருக்கு என்ன மரியாதை?

அப்ரமோவிச்சுக்கு 2010-ல் நியூயார்க்கில் ஒரு பெரிய மியூசியம் கண்காட்சியே நடத்தியது. நம் கூத்துக்காரருக்கு? பொழுது விடிந்ததும் வண்ணத்தைக் கழுவிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர் பலர். தொண்டை போனாலும் முழங்கால் தேய்ந்தாலும் அடுத்த கூத்துக்கு அழைப்பு இல்லை. போதாததற்கு, 'கூத்தாடி' என்ற சொல்லையே வசவாக வைத்திருக்கிறோம். இது நமக்கு வெட்கம் அல்லவா?

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாணவேடிக்கைக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். கூத்து என்றால்தான் பேரம் பேசுகிறோம். பேசிய பணத்தை, கலைஞர்கள் ஊரை விட்டுக் கிளம்புமுன் கையில் கொடுங்கள். வேஷம் கட்ட வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு கொட்டகை போடுங்கள். வண்ணம் கழுவத் தேங்காய் எண்ணெயும் வெந்நீரும், படுக்க ஓர் இடமும், காலை ஆகாரமும் கொடுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. உடம்பு தளர்ந்த கலைஞருக்கு வைத்தியமும் உதவிப் பணமும் அலையாமல் கிடைக்க, சர்க்கார் வழி செய்ய வேண்டும்.

தாய்மார்களே! அடுத்த திருவிழாவில் குழந்தைகளைக் கொஞ்சம் சீக்கிரமே அழைத்துப் போங்கள். பக்கத்துத் தெருக்காரர் துரியோதனனாக மாறும் அதிசயத்தை, வேஷக் கொட்டகை ஓரமாக நின்று பார்க்கட்டும். அதைப் பார்த்த பிள்ளைக்குக் 'கூத்தாடி' என்று ஒருவரை ஏச வாய் வராது.