நாகரத்தினமும் நீல விளக்கும்

வண்டிப்பெரியாறு, குமுளிப் பக்கத்துத் தோட்டங்களாயினும் சரி, வாளையாறு, சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களாயினும் சரி, நாகரத்தினக் கதை கேளாத பிள்ளை நம்மவர் இல்லங்களில் இராது. நல்ல பாம்பு இரவில் மணியைக் கக்கி வைத்து, அதன் ஒளியில் இரை தேடும் என்பது பாட்டிமார் கூற்று. கதை கதையாக இருக்குமட்டும் தீங்கில்லை. அக்கல்லுக்கு விலை பேச வருவோரை நினைந்தே இத்திங்கள் எழுதத் துணிந்தோம்.

இருட்டறையில் நீல விளக்கொன்றைப் பாய்ச்சிக் கல் கனலெனச் சிவப்பதைக் காட்டினால், கண்டவர் மயங்குவது இயல்பே. அவ்விளக்கு அரிய பொருளன்று. வங்கிகளில் பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்குத்தான். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிரைச் சில கனிமங்கள் ஏற்று, ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, எஞ்சியதைப் புலனாகும் நிறமாக வெளியிடும். 1852-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் இதற்கு ‘ஃபுளோரசன்ஸ்’ எனப் பெயரிட்டார். குஜராத்தின் அம்பாதுங்கரிலும் கிடைக்கும் ஃபுளோரைட் என்னும் கனிமமே அப்பெயருக்கு மூலம்.

மாணிக்கத்தைச் சிவப்பாய் ஒளிரச் செய்வது அதிற் கலந்துள்ள சிறிதளவு குரோமியம்; இரும்பு மிகுந்தால் அவ்வொளி மங்கும். விளக்கை அணைத்ததும் கல் இருண்டு விடும். காட்டில் பாம்புக்கு யார் விளக்குப் பிடித்தார்களோ, அறியோம்!

ஒளிர்வதால் கல் மெய்யென்றும் ஆகிவிடாது. 1902-ல் பிரெஞ்சு நாட்டு வெர்னாய் வெளியிட்ட முறைப்படி, தூளைச் சுடரில் உருக்கி ஆக்கும் செயற்கை மாணிக்கத்தில் இரும்பு இல்லையென்றே கூறலாம். ஆதலின் அது இயற்கைக் கற்கள் பலவற்றினும் பளிச்சென்று ஒளிரும். மிகச் சிவந்தால் ஐயமும் மிகுதல் நன்று.

திருச்சியிற் பிறந்த சர். சி. வி. இராமன் பெங்களூரில் வைரங்களை இவ்வாறு ஆராய்ந்தார். ஒன்று நீலமாயும், மற்றொன்று பச்சையாயும் ஒளிர்ந்தன; சில ஒளிரவேயில்லை. அத்தனையும் மெய் வைரங்களே. (1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகத்தில் அமர்ந்தவர் அவர் என்பதில், பேரேடு புரட்டும் எமக்குச் சற்றுப் பெருமையுண்டு.)

எனவே, கல் கொண்டு வருபவரிடம், “இரத்தினப் பரிசோதனைச் சாலைக்குச் சேர்ந்தே செல்வோம், ஒளிவிலகல் எண்ணையும், நுண்பெருக்கியில் உட்குறைகளையும் பார்த்துச் சொல்லட்டும்” என்று கூறுங்கள். இணங்காராயின் தேநீர் கொடுத்து வழியனுப்புக. முன்பணம் மட்டும் வேண்டாம்.