ஒரு ரன்னும் ஆறு தையலும்

‘போன இதழில் ஊறுகாய், இந்த இதழில் கிரிக்கெட்டா?’ என்று புருவத்தை உயர்த்தாதீர்கள், சகோதரிகளே. ஆட்டம் இருக்கிற நாளில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பதினோரு மணிக்கு என்பதைத் தவிர எனக்கும் அதைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒரே ஒரு தோல்வி மட்டும் மறக்கவில்லை.

2019-ஆம் வருஷம் மே 12, ஞாயிற்றுக்கிழமை. அன்னையர் தினம் வேறு. அக்னி நட்சத்திர வெயிலில் எங்கள் விருத்தாசலம், சூளையில் அடுக்கிய அகல் விளக்கு மாதிரி வெந்து கொண்டிருந்தது. ஹைதராபாத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம். நம்ம சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் மும்பை இந்தியன்ஸுக்கும் போட்டி. எதிர்வீட்டு அண்ணன் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறையில் வேலை செய்பவர். அவர் வீட்டு டி.வி. பழுது என்று குடும்பத்தோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து விட்டார்.

மும்பை எடுத்தது 149. நமக்கு வேண்டியது 150. ஷேன் வாட்சன் ஒருத்தரே இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். பந்து மலிங்கா கையில். நாலாவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி, வாட்சன் ரன் அவுட். 59 பந்தில் 80 ரன். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும் என்கிறபோது ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. 148-ல் முடிந்தது. ஒரே ஒரு ரன்னில் கோப்பை போயிற்று!

கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பதிமூன்று வயசு என் பிள்ளை தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள், பிரேத பரிசோதனை!

“தோனி ரன் அவுட்டுதான் காரணம். ஓவர்த்ரோவுக்கு இன்னொரு ரன் ஓடினதே தப்பு. அதுவும் மூணாவது நடுவர் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாரு! சந்தேகம் இருந்தா ஆடுறவனுக்குத்தானே சாதகமா சொல்லணும்?” இது எங்க வீட்டுக்காரர்.

“அது இல்லீங்க. ஆரம்பத்துலயே தீபக் சாஹர் ஓவர்ல டி காக் மூணு சிக்ஸர் அடிச்சாரே, அங்கேயே போயிடுச்சு” என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

“கடைசி ரெண்டு பந்துக்கு ஹர்பஜனை அனுப்பியிருக்கணும்” என்று என் பிள்ளை.

“பும்ரான்னு ஒருத்தர் நாலு ஓவர் போட்டு 14 ரன்தான் குடுத்திருக்காரு. எதிராளி நல்லா ஆடினான்னு ஒருத்தர் வாயிலயும் வரலியே!” என்றாள் அண்ணி.

மாசக் கடைசியில் கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் இடித்தால், கடைசியாக வாங்கின கொத்தமல்லிக் கட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். ஓட்டை ஐந்தாம் தேதியிலேயே விழுந்திருக்கும்! அந்த மாதிரிதான் இருந்தது எனக்கு.

மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, அந்த உசரமான வெள்ளைக்காரப் பிள்ளை முட்டியில ஏதோ கறையா இருந்துச்சே, என்னது அது?”

“மண்ணா இருக்கும் பாட்டி” என்று எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் விஷயம் வெளியே வந்தது. ஓடும்போது பாய்ந்து விழுந்ததில் வாட்சனுக்கு முட்டியில் வெட்டுக் காயம். யாரிடமும் சொல்லாமல் ரத்தத்தோடு ஆடியிருக்கிறார். ஆட்டம் முடிந்த பிறகு ஆறு தையல் போட்டார்களாம். ஹர்பஜன் சிங்தான் வெளியே சொன்னார். மஞ்சள் பேண்ட்டில் ரத்தக்கறையோடு அந்தப் படம் எல்லார் போனிலும் வந்தது. கப்பு போனதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

“யார்கிட்டயும் சொல்லலம்மா! ஆறு தையல்மா!” என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான் பிள்ளை. மாமியார் அவனையே பார்த்துக் கொண்டிருந்தார்.

“ஏம்மா, உன் பிள்ளையும் அப்படித்தான் நடக்குறான். இந்த வெயில்ல ரெண்டு நாளா முழுப் பேண்ட்டு எதுக்கு? பாரு” என்றார்.

பார்த்தேன். அடிவயிறு கலங்கிவிட்டது. முட்டியில் ஒரு அங்குல நீளத்துக்குப் பிளந்த காயம். சுற்றிலும் சிவந்து வீங்கி, மேலே காப்பித்தூளை அப்பி, கைக்குட்டையால் கட்டியிருந்தான். சனிக்கிழமை விளையாடும்போது கேட்ச் பிடிக்கப் பாய்ந்திருக்கிறான். உடைந்த பீங்கான் சில்லு கொட்டிக் கிடந்த இடம். சொன்னால் ஆட விடமாட்டேன் என்று மறைத்துவிட்டான்.

“அறிவிருக்காடா? ஏண்டா சொல்லலே?”

“வாட்சன் சொன்னாராம்மா?”

“அவரும் நீயும் ஒண்ணாடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “நீ மட்டும் சொன்னியாம்மா? போன வருஷம் நீ மயங்கி விழுந்த அப்புறந்தானே எங்களுக்கே தெரிஞ்சுது?”

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதானே. 2018-ல் மாதவிலக்கின்போது அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் கல்யாணம் முடியட்டும், மாமனார் திவசம் முடியட்டும் என்று ஐந்தாறு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சுருண்டு விழுந்து, பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்கிறார்கள். அப்போது எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? “எவ்வளவு பொறுமைசாலி!” நானும் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையைத்தான் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் காயத்தில் இருந்து அரிசி அளவு சில்லு ஒன்றை எடுத்தார். “முதல் நாளே வந்திருந்தா தையல் போட்டிருக்கலாம். சீழ் வைக்க ஆரம்பிச்சிடுச்சு, இப்போ மூடக்கூடாது” என்று சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார். ஊசி, மாத்திரை, தினம் ஒரு கட்டு என்று மூன்று வாரம் ஆயிற்று. மூட்டு வரைக்கும் போகாதது பழமலைநாதர் புண்ணியம்.

எதிர்வீட்டு அண்ணன் பார்க்க வந்தபோது சொன்னார்: “பச்சை மண்ணுல விழுற மயிரிழை விரிசல் லேசுல கண்ணுக்குத் தெரியாதும்மா. சூளைக்குள்ள போனாத்தான் வாயைப் பொளக்கும். பச்சையிலயே பார்த்துட்டா சரிபண்ணிடலாம்.”

வாட்சனைக் குறை சொல்ல நான் யார்? அவர் விவரம் தெரிந்த பெரிய மனுஷர், அதுவே அவர் தொழில். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு அவர் ஆறு தையல் போட்டுக்கொண்டாரே, அந்தப் பாதிக் கதையை என் பிள்ளை விட்டுவிட்டான். நாமும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

காயம் பட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டி, சோப்பால் சுற்றிலும் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் கூடாது. வாய் பிளந்த காயம், உள்ளே சில்லு தங்கிய காயம், ரத்தம் நிற்காத காயம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். 10 வயசிலும் 16 வயசிலும் போட வேண்டிய ஊசி விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டி வந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, அது பொறுத்துக்கொள்ளும் விஷயமில்லை.

2023 மே மாதம் சென்னை மறுபடி இறுதி ஆட்டத்தில். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து ஜெயித்தார். 2019-ல் கடைசிப் பந்தின்போது எதிர்முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே ஜடேஜா! என் பிள்ளை துள்ளிக் குதித்தபோது கால் சட்டைக்குக் கீழே அந்த முட்டித் தழும்பு தெரிந்தது. கணுக்காலில் ஒரு கட்டும் இருந்தது. அன்று காலை சுளுக்கிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும்போதே “அம்மா, கால் வலிக்குது” என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு எனக்குத் தலைவலி. நானும் சொல்லிவிட்டேன். தோசையை அவர்களே வார்த்துக்கொண்டார்கள்.