காட்டை வெட்டாதவருக்கும் காட்டில் உரிமை உண்டு

போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்தில் மரவெட்டு நிறுவனங்கள் காட்டோர ஊர்களுக்குத் தகரக் கூரையும் ஜெனரேட்டரும் டீசலும் தருகின்றன. பண்டிகைக்குப் பணமும் உண்டு. இவற்றைச் சமூகப் பொறுப்பு என்று எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. காடு யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் கொடுப்பது, எவ்வளவு கொடுத்தாலும், இனாம்தான்.

அங்கே பாராம் ஆற்றுப் பகுதியில் வாழும் பெனான் மக்களிடம் 'மொலோங்' என்றொரு வழக்கம் இருக்கிறது. சவ்வரிசிப் பனைக் கூட்டத்தைக் காட்டில் கண்டவர் அதில் அடையாளம் இடுவார். (நாம் மரவள்ளியில் எடுக்கும் சவ்வரிசியை அவர்கள் பனந்தண்டிலிருந்து எடுக்கிறார்கள்.) அன்றுமுதல் அந்தப் பனைகள் அவர் குடும்பத்தின் காவலில். முற்றிய தண்டை வெட்டுவார்கள். மறுபடி தளிர்க்கட்டும் என்று தூரை விட்டுவைப்பார்கள். பழமரத்துக்கும், ஊதுகுழல் அம்புக்கு நஞ்சு தரும் மரத்துக்கும் இதே முறைதான். உரிமை என்றால் அவர்களுக்கு அழியாமல் காப்பது.

சரவாக்கின் 1958 நிலச் சட்டமோ, வழக்காற்று உரிமை பிறக்கும் வழிகளில் முதலாவதாகச் சொல்வது கன்னிக்காட்டை வெட்டித் திருத்திக் குடியிருப்பதை. காட்டை வெட்டியவருக்கு நிலம், விட்டுவைத்தவருக்கு ஒன்றுமில்லை! நாடோடிகளாகத் திரிந்த பெனான் மக்கள் அடிபட்ட இடம் இதுதான். 1987 மார்ச்சில் அவர்கள் மரலாரிப் பாதைகளை மறித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வனச் சட்டம் திருத்தப்பட்டு, பாதை மறிப்பது குற்றமாயிற்று.

சட்டம் தரும் குறைந்த அளவோடு நிறுவனங்கள் நின்றுவிடக் கூடாது என்பது எங்கள் நிலை. மரம் குறிக்கும் வரைபடத்தில் மொலோங் மரங்களும் இடுகாடுகளும் முதலில் ஏற வேண்டும். அரசிடம் படி பெறும் ஊர்த்தலைவரின் கையெழுத்து ஊரின் சம்மதம் ஆகாது. பெனான் வழக்கில் தலைவர் பேசி இணங்கவைப்பவரே தவிர, ஆணையிடுபவர் அல்லர். கூட்டம் அவர்கள் மொழியில் நடக்க வேண்டும். நாள்கள் பல ஆனால் ஆகட்டும். பகிர்ந்து கொடுப்பதைக் கடமையாகக் கருதும் மக்கள் டீசலை வாங்கிக்கொண்டார்கள் என்பதற்காக, காட்டை விற்றுவிட்டார்கள் என்று கோப்பில் எழுதக் கூடாது. 'வேண்டாம்' என்றால் வெட்டக் கூடாது.

சரவாக் தடிமரத்தைப் பல ஆண்டுகள் மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியா. எனவே இங்குள்ள மரக்கடைக்காரர்களையும் வீடு கட்டுவோரையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த சரக்குக்கு விலை பேசும்போது, அது எந்தக் காட்டு மரம், அங்கே இருப்பவர்களிடம் யார் கேட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.